‘தி க்ரூசிபிள்’ படமும் 1692ஆம் ஆண்டின் சேலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1692இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளைச் சொல்லும் படம் ‘தி க்ரூசிபிள்’. அதைப் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு எழுந்திருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையா? ஒரு சின்னப் பெண்ணின் பொறாமையா இத்தனை பேரைத் தூக்கில் ஏற்றியது? முதல் கேள்விக்குப் பதில் நீளமானது. இரண்டாவதற்கு ஒரே சொல்: இல்லை. சூனியம் தங்களை வதைப்பதாகச் சிறுமிகள் சிலர் கத்தினார்கள். அதை எழுதிக்கொண்டு, முத்திரை வைத்து, தீர்ப்பாக்கியவர்கள் படித்த பெரியவர்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதையே விளக்குகின்றன.

இது எந்தச் சேலம்?

நம் மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கடலோரமாக இருக்கும் ஊர். தமிழ் பைபிளில் மெல்கிசேதேக்கு ராஜா ஆண்ட ‘சாலேம்’ என்று வருகிறதே, அந்தப் பெயரைத்தான் பியூரிட்டன்கள் என்ற, சமயக் கட்டுப்பாடு மிகுந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள் 1600களில் தங்கள் குடியேற்றத்துக்கு வைத்தார்கள். அப்போது சேலம் என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருந்தன. துறைமுகமும் வணிகமும் உள்ள சேலம் நகரம் ஒன்று. அதிலிருந்து சில மைல் உள்ளே, வயல்களுக்கு நடுவே சேலம் கிராமம் மற்றொன்று. பிரச்சினை தொடங்கியது கிராமத்தில். விசாரணை மன்றம் உட்கார்ந்தது நகரத்தில். அந்தக் கிராமத்துக்கு இன்று டேன்வர்ஸ் என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் சேலத்துக்குப் போய்விட்டு, தொடங்கிய இடத்தைப் பார்க்காமலே திரும்புவது இதனால்தான்.

படத்தை எடுத்தது யார்? தலைப்புக்கு என்ன பொருள்?

1996இல் வந்த படம். இயக்கம் நிக்கோலஸ் ஹைட்னர். ஆர்தர் மில்லர் 1953இல் மேடையேற்றிய தன் நாடகத்துக்கு அவரே திரைக்கதை எழுதினார். ஜான் ப்ராக்டராக டேனியல் டே-லூயிஸ், அபிகெயிலாக வினோனா ரைடர், எலிசபெத் ப்ராக்டராக ஜோன் ஆலன், நீதிபதி டான்ஃபோர்த்தாக பால் ஸ்கோஃபீல்ட். மில்லரின் திரைக்கதையும் ஜோன் ஆலனின் நடிப்பும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. ஸ்கோஃபீல்டுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. மாசசூசெட்ஸின் எஸெக்ஸ் அருகே, ஆள் குடியிராத ஒரு தீவில் ஊரையே கட்டி எடுத்தார்கள். கடல் காற்றும் சேற்று நிலமும் படத்தில் அவ்வளவு அருகில் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

‘க்ரூசிபிள்’ என்பது தட்டார் பட்டறையில் இருக்கும் மூசை. பொன்னை உருக்கி மாசைப் பிரிக்கும் மண்பாத்திரம்.

கதையில் எவ்வளவு உண்மை?

பெயர்கள் உண்மை. பலருடைய முடிவும் உண்மை. வயது, உறவு, காலவரிசை, யார் எதைச் செய்தார் என்பதில் மில்லர் தாராளமாகக் கைவைத்திருக்கிறார். நாடகம் வரலாற்று நூல் அல்ல என்று அவரே அச்சுப் பிரதியின் தொடக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்.

படத்தின் முதல் காட்சியில் பெண்கள் இரவில் காட்டில் ஆடுகிறார்கள், கோழி ரத்தம் வருகிறது. 1692இன் ஆவணங்களில் அப்படி ஒரு நடனம் இல்லை. முடிவில் ப்ராக்டர், ரெபேக்கா நர்ஸ், மார்த்தா கோரி மூவரும் ஒன்றாகத் தூக்கு மேடையில் நின்று பரமண்டல ஜெபம் சொல்கிறார்கள். உண்மையில் ரெபேக்கா ஜூலை 19, ப்ராக்டர் ஆகஸ்ட் 19, மார்த்தா செப்டம்பர் 22 என மூன்று வெவ்வேறு நாட்களில் இறந்தார்கள்.

ஆனால் மேடையில் அந்த ஜெபத்தைச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் பரோஸ், முன்பு இதே கிராமத்தில் போதகராக இருந்தவர். சாத்தானின் ஆளால் பரமண்டல ஜெபத்தைத் தடுமாறாமல் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. பரோஸ் கழுத்தில் கயிறோடு ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். கூட்டம் கலங்கியது, நிறுத்திவிடுவார்கள் போலிருந்தது. குதிரைமேல் இருந்த போதகர் காட்டன் மேதர், சாத்தான் ஒளியின் தூதன் வேடத்திலும் வருவான் என்று பேசிக் கூட்டத்தை அடக்கினார். பரோஸோடு மற்றவர்களையும் தூக்கிலிட்டார்கள். (சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1692 வரை இருந்த எலிஹு யேலுக்கு, 1718இல் கல்லூரிக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதியவரும் இதே காட்டன் மேதர்தான். யேல் என்ற பெயர் அப்படித்தான் அந்தக் கல்லூரிக்கு வந்தது.)

ப்ராக்டருக்கும் அபிகெயிலுக்கும் உறவு இருந்ததா?

படத்தில் இருவருக்கும் கள்ள உறவு. உண்மையில் அப்படி இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. அபிகெயில் வில்லியம்ஸுக்கு அப்போது 11 அல்லது 12 வயது. ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர், மதுக்கடை நடத்திய விவசாயி. எலிசபெத் அவருடைய மூன்றாவது மனைவி. அபிகெயில் அவர்கள் வீட்டில் வேலை செய்ததும் இல்லை. அங்கே வேலைக்காரியாக இருந்தவள் மேரி வாரன், வயது 20.

மில்லருக்கு இந்த எண்ணம் வந்தது விசாரணைக் குறிப்பில் இருக்கும் ஒரு சைகையிலிருந்து. 1692 ஏப்ரல் 11 அன்று எலிசபெத்தை விசாரிக்கும்போது அபிகெயில் அவரை அடிக்கக் கை ஓங்குகிறாள். மூடியிருந்த முஷ்டி, கீழே இறங்க இறங்கத் திறக்கிறது. விரல் நுனிகள் எலிசபெத்தின் தலைமுக்காட்டை மெல்லத் தொடுகின்றன. உடனே ‘என் விரல், என் விரல், எரிகிறது’ என்று அலறுகிறாள். இந்த இரண்டு வரிகளுக்குள் ஒரு பழைய உறவு இருப்பதாக மில்லர் படித்தார். நாடகக்காரனாக அது அபாரமான வாசிப்பு. ஆனால் அதற்காக 11 வயதுச் சிறுமியை 17 வயதாக்கி, வேறொருவர் கணவரை மயக்கியவளாக்கி, பழி முழுவதையும் அவள் தலையில் இறக்கியது நியாயமாகப் படவில்லை. இன்று உலகம் முழுக்க அபிகெயில் என்றால் படத்தின் அபிகெயில்தான் நினைவுக்கு வருகிறாள். அந்தக் குழந்தையோ 1692 கோடைக்குப் பிறகு ஆவணங்களிலிருந்தே காணாமல்போகிறாள்.

உண்மையில் எப்படித் தொடங்கியது?

1692 ஜனவரியில் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில். மகள் பெட்டி (வயது 9), உறவுக்காரச் சிறுமி அபிகெயில் இருவருக்கும் உடல் முறுக்கிக்கொண்டது. மேசைக்கடியில் ஊர்ந்தார்கள், யாரோ கிள்ளுவதாகக் கத்தினார்கள். ஊர் மருத்துவர் இது ‘தீய கை’யின் வேலை என்றார். பிப்ரவரியில் பக்கத்து வீட்டு மேரி சிப்லி ஒரு வழி சொன்னார்: சிறுமிகளின் சிறுநீரைக் கம்பு போன்ற ரை தானிய மாவில் பிசைந்து, சாம்பலில் சுட்டு, நாய்க்குத் தின்னக் கொடுக்க வேண்டும்; சூனியம் வைத்தவள் யார் என்று தெரிந்துவிடும். பாரிஸ் வீட்டு அடிமைகளான டிடுபாவும் ஜான் இந்தியனும் அப்படியே செய்தார்கள். கவனியுங்கள், யோசனை சொன்னது வெள்ளைக்கார அண்டை வீட்டுக்காரி. படமோ டிடுபாவை மந்திரம் தெரிந்தவளாகக் காட்டுகிறது. அவர் ஆப்பிரிக்கர் அல்ல. ஆவணங்கள் எல்லாம் அவரை ‘இந்தியப் பெண்’, அதாவது அமெரிக்கப் பழங்குடி என்றே எழுதுகின்றன.

பிப்ரவரி 29 அன்று டிடுபா, பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன் மூவர் மேலும் கைது உத்தரவு. புகாரில் கையெழுத்திட்டவர்கள் தாமஸ் பட்னம் உட்பட நான்கு ஆண்கள். சிறுமிகள் புகார் கொடுக்க முடியாது. ஒரு பெரியவர் முன்வந்தாக வேண்டும். அந்த நால்வரும் வீட்டில் இருந்திருந்தால் இது ஒரு குடும்பத்து நோயாகவே முடிந்திருக்கும். பெட்டியை மார்ச் மாதக் கடைசியில் வேறொரு குடும்பத்தோடு தங்க அனுப்பிவிட்டார்கள். அவள் எந்த வழக்கிலும் சாட்சி சொல்லவில்லை. மற்ற சிறுமிகளையும் கூட்டத்திலிருந்து அப்படிப் பிரித்திருந்தால் என்ற கேள்வி நம்மை விடுவதில்லை.

டிடுபா ஏன் ஒப்புக்கொண்டார்?

எஜமான் அடித்தார் என்று அவர் பின்னால் சொன்னதாக, பாஸ்டன் வணிகர் ராபர்ட் கேலெஃப் 1700இல் அச்சிட்ட நூலில் இருக்கிறது. மார்ச் 1இல் தொடங்கிய விசாரணையில் அவர் சொன்னவை: பாஸ்டனிலிருந்து வந்த நெட்டையான மனிதன், கறுப்பு நாய், சிவப்பு எலி, மஞ்சள் பறவை, கம்பில் ஏறிப் பறத்தல். எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒரு விவரம்: சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது கையெழுத்துக் குறிகள் இருந்தன.

பிடிபட்டவர்களோ மூன்று பேர். அப்படியானால் மீதி யார்? அந்த எண்தான் ஊரைத் தேட வைத்தது. ஒப்புக்கொண்ட டிடுபா தூக்கிலிடப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். சிறைக் கட்டணத்தைப் பாரிஸ் கட்ட மறுத்ததால், பணம் கட்டிய வேறொருவருக்கு விற்கப்பட்டார். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு வழக்கு எந்தப் படிகளில் நடந்தது?

படம் ஒரே அறையில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. நடைமுறையில் படிகள் பல. ஒருவர் நீதிபதியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். கைது உத்தரவு பிறக்கும். அடுத்தது ஜெப வீட்டிலோ சத்திரத்திலோ, ஊர் முழுக்கக் கூடியிருக்க நடக்கும் முதல் விசாரணை. சேலத்தில் அதை நடத்தியவர்கள் ஜான் ஹாத்தோர்னும் ஜோனதன் கார்வினும். பிறகு சிறை. அடுத்து, வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் பெரிய ஜூரி, அதன்பின் 12 பேர் கொண்ட ஜூரி முன்னால் வழக்கு, தீர்ப்பு, தூக்கு உத்தரவு.

சறுக்கல் முதல் விசாரணையிலேயே தொடங்கியது. ஹாத்தோர்ன் ‘நீ செய்தாயா’ என்று கேட்கவில்லை. ‘இந்தப் பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய்’ என்று கேட்டார். குற்றம் முடிவாகிவிட்டது, காரணம் மட்டும் பாக்கி என்ற கேள்வி அது. வதைபடுவதாகச் சொன்னவர்கள் எல்லோரையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே இடத்தில், குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரிலேயே நிறுத்தினார்கள். அவர் உதட்டைக் கடித்தால் இவர்கள் தங்களைக் கடித்ததாகக் கத்தினார்கள். தலையைச் சாய்த்தால் இவர்கள் கழுத்தும் சாய்ந்தது. ஒருத்தி தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை. சிறையிலோ சோற்றுக்கும் விலங்குக்கும் கைதியே காசு கட்ட வேண்டும். விடுதலையானாலும் பாக்கி தீராமல் வெளியே வர முடியாது. சாரா குட்டின் மகள் டாரத்திக்கு நான்கைந்து வயதுதான். அவளையும் பிடித்துச் சங்கிலியில் பூட்டினார்கள்.

ஆவணங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான். ஆகவே பிப்ரவரி 1692 காகிதங்களில் 1691 என்றோ 1691/92 என்றோ இருக்கும்.

மஞ்சள் பறவைக் காட்சி கற்பனையா? அதை எப்படிச் சாட்சியமாக ஏற்றார்கள்?

பறவை கற்பனையல்ல. மார்ச் 20, ஞாயிறு ஆராதனை. வந்திருந்த போதகர் பிரசங்கிக்கும்போது அபிகெயில் எழுந்து, மார்த்தா கோரி உத்தரத்தில் உட்கார்ந்து விரல்களுக்கு நடுவே மஞ்சள் பறவைக்குப் பாலூட்டுவதாகக் கத்தினாள். ஆன் பட்னம் என்ற 12 வயதுச் சிறுமி, பிரசங்க மேடையில் மாட்டியிருந்த போதகரின் தொப்பியில் அந்தப் பறவை உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். மார்த்தாவோ கீழே சபையோடு இருந்தார்.

இதைத்தான் ‘ஆவியுருவச் சாட்சியம்’ என்கிறோம். ஒருவரின் உடல் வீட்டில் இருக்க, அவருடைய உருவம் போய்ப் பிறரை வதைக்கிறது. வதைபடுபவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. உருவம் தெரிந்தால் அவர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று அர்த்தம். அனுமதி இல்லாமல் ஒருவர் உருவத்தைச் சாத்தான் எடுக்க முடியாது என்று தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் நம்பினார். இதை ஏற்றுக்கொண்டால் எந்தத் தற்காப்பும் எடுபடாது. ‘அந்த நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன்’ என்று பத்து சாட்சிகளோடு நிரூபித்தாலும் பயனில்லை. உடல்தானே அங்கே இருந்தது. வழக்குகள் முழுவதும் நின்றது இந்த ஒரு விதியின் மேல்.

பொய் கையும் களவுமாகப் பிடிபட்டதும் உண்டு. சாரா குட் வழக்கில் ஒருத்தி, உருவம் தன்னைக் குத்தியதாகச் சொல்லி உடைந்த கத்தி முனை ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஓர் இளைஞன் எழுந்து, முந்தைய நாள் தன் கத்தி உடைந்தது, முனையை அவள் பார்க்கவே தூக்கிப் போட்டேன் என்று பிடியோடு மீதிக் கத்தியைக் காட்டினான். இரண்டும் பொருந்தின. நீதிமன்றம் ‘இனிப் பொய் சொல்லாதே’ என்று சொல்லிவிட்டு, அவளையே தொடர்ந்து சாட்சி சொல்ல வைத்தது. சேலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சம்பவம் போதும் என்றால் நாங்கள் காட்டுவது இதைத்தான். மார்ச் மாதமே ஒரு சத்திரத்தில் இவர்களில் ஒருத்தி, ‘விளையாட்டுக்குத்தான், எங்களுக்கும் பொழுது போக வேண்டாமா’ என்ற பொருளில் பேசியதாகவும் இருவர் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

குற்றமற்றவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள்?

ஒப்புக்கொண்டால் உயிர் தங்கும் என்று விரைவில் எல்லோருக்கும் புரிந்தது. வழக்கமான நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவனுக்குத்தான் தண்டனை. இங்கே தலைகீழ். ஒப்புக்கொண்டு, கூட வந்தவர்கள் யார் யார் என்று சொன்னவர்களைச் சாட்சிகளாக வைத்துக்கொண்டார்கள், மறுத்தவர்களைத் தூக்கிலிட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு ஒப்புதலும் புதிய பெயர்களைக் கொடுத்ததால் கூட்டம் பெருகியது. சாமுவேல் வார்ட்வெல் ஒப்புக்கொண்டுவிட்டு, மனசாட்சி உறுத்தி, சொன்னது பொய் என்றார். அவரைத் தூக்கிலிட்டார்கள்.

வற்புறுத்தலும் இருந்தது. ஜூலை 23 அன்று ஜான் ப்ராக்டர் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு எழுதிய கடிதத்தில், தன் மகன் வில்லியமைக் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை வைத்திருந்ததைச் சொல்கிறார். வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள் அல்லது நீதிபதிகளை மாற்றுங்கள் என்று கேட்கிறார். படத்தில் ப்ராக்டர் பொய் ஒப்புதலில் கையெழுத்திட்டுப் பிறகு கிழிக்கிறார். உண்மையான ப்ராக்டர் ஒரு கட்டத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் சிறையில் இருக்கும்போதே ஷெரிஃப் ஜார்ஜ் கார்வினின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பீர் பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பீப்பாயை எடுத்தார்கள். அடுப்பில் இருந்த கஞ்சியைத் தரையில் ஊற்றிவிட்டுப் பானையை எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. எலிசபெத் கர்ப்பமாக இருந்ததால் அவருடைய தண்டனை தள்ளிப்போய், கடைசியில் உயிர் பிழைத்தார். இது படத்திலும் உண்டு.

மேரி வாரன் உண்மையிலேயே மாறி மாறிச் சொன்னாளா?

ஆம். அவளுக்கு வலிப்பு வந்தபோது ப்ராக்டர் அவளை ராட்டையில் உட்கார வைத்து, அடிப்பேன் என்று மிரட்டினார், வலிப்பு நின்றது. பிறகு மற்ற பெண்கள் நடிக்கிறார்கள் என்றாள். உடனே அந்தப் பெண்கள் அவளையே சூனியக்காரி என்றார்கள். சில வாரச் சிறைக்குப் பிறகு மறுபடி அவர்கள் பக்கம் சேர்ந்து, எஜமானுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். படத்தின் நீதிமன்றக் காட்சி இந்த இடத்தில் வரலாற்றுக்கு மிக நெருக்கம்.

கைல்ஸ் கோரியைக் கல் வைத்துக் கொன்றது உண்மையா?

உண்மை. வயது எண்பதை ஒட்டி. நீதிமன்றத்தில் ‘குற்றமற்றவன்’ என்றார். ஆனால் ‘எப்படி விசாரிக்கப்பட விரும்புகிறாய்’ என்ற அடுத்த கேள்விக்கு ‘கடவுளாலும் என் நாட்டாராலும்’ என்று பதில் சொன்னால்தான் ஜூரி வழக்கைத் தொட முடியும். அதைச் சொல்ல மறுத்தார். பழைய ஆங்கிலேயச் சட்டப்படி, வாய் திறக்கும்வரை ஆளைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றலாம். சிறைக்குப் பக்கத்துத் திறந்தவெளியில் பலகை வைத்துக் கல் அடுக்கினார்கள். செப்டம்பர் 19 அன்று உயிர் போனது. நாக்கு வெளியே தள்ள, ஷெரிஃப் கைத்தடியால் அதை உள்ளே தள்ளினார் என்று கேலெஃப் எழுதுகிறார். ‘இன்னும் பாரம் வை’ என்று அவர் சொன்னதாகப் படத்தில் வருவது ஊர் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

நிலத்தைக் காப்பாற்றத்தான் மௌனம் காத்தார் என்பார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே நிலத்தை மருமகன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே இந்த நீதிமன்றத்தை ஏற்கவே மறுத்தார் என்ற விளக்கமே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவரை வெறும் வீரராகவும் பார்க்க முடியாது. மார்ச் மாதம் சொந்த மனைவி மார்த்தாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர்.

ரெபேக்கா நர்ஸை ஜூரி விடுவித்தது என்கிறார்களே?

விடுவித்தது. 71 வயது, ஊரே மதித்த பெண்மணி. 39 பேர் அவருக்காக மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜூரி ‘குற்றமற்றவர்’ என்றதும் வதைபடுவதாகச் சொன்னவர்கள் கூச்சலிட்டார்கள். ஸ்டௌட்டன் ஜூரியிடம் ஒரு சொல்லை நினைவூட்டினார்: ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைச் சாட்சியாகக் கொண்டுவந்தபோது, ரெபேக்கா ‘இவள் எங்களில் ஒருத்தி’ என்றாரே, அதற்கு என்ன பொருள்? ஜூரித் தலைவர் அவரிடமே கேட்டார். பதில் வரவில்லை. தீர்ப்பு ‘குற்றவாளி’ ஆனது. பிறகுதான் அவர் எழுதிக் கொடுத்தார்: எங்களோடு சிறையில் இருந்த கைதி என்ற பொருளில் சொன்னேன், எனக்குக் காது மந்தம், மனமும் துயரத்தில் இருந்தது, கேள்வி விழவில்லை.

படத்தில் இது இல்லை. இருந்திருக்க வேண்டிய காட்சி.

நீதிபதி டான்ஃபோர்த் அவ்வளவு கொடியவரா?

பெயர் மாற்றிப் போட்ட பழி அது. தாமஸ் டான்ஃபோர்த் ஏப்ரல் 11 விசாரணையில் துணை ஆளுநராகத் தலைமை வகித்தார். தூக்குத் தண்டனை விதித்த சிறப்பு நீதிமன்றத்தில் அவர் இல்லை; பின்னர் அதைக் குறைசொன்னவர்களில் ஒருவரும்கூட. படத்தின் டான்ஃபோர்த் பேசுவதும் நடப்பதும் ஸ்டௌட்டனைப் போல.

உயிரோடு எரித்தார்களா? எத்தனை பேர் இறந்தார்கள்?

யாரையும் எரிக்கவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்துக்குத் தூக்குதான். ‘சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்’ என்ற யாத்திராகம வசனம் அவர்கள் சட்டத்துக்கு அடித்தளம். தூக்கில் 19 பேர் (14 பெண்கள், 5 ஆண்கள்), பாரத்தில் ஒருவர், சிறையில் குறைந்தது ஐந்து பேர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கும் மேல்.

கெட்டுப்போன தானியத்தைத் தின்றதால் வந்த பித்து என்று படித்தேனே?

1976இல் வந்த கருத்து. ரை தானியத்தில் வளரும் எர்கட் என்ற பூஞ்சை வலிப்பும் மாயத்தோற்றமும் தரும் என்பது உண்மை. ஆனால் அந்த நஞ்சு ஒரே பானையில் தின்ற வீட்டார் எல்லோரையும் பிடிக்க வேண்டும். இங்கே சிலரை மட்டும் பிடித்தது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் நுழைந்ததும் வந்து, அவர் கை பட்டதும் நிற்கிற வலிப்பு தானியத்தால் வருவதில்லை. அதே ஆண்டிலேயே மறுப்பும் வெளியானது. ஆனாலும் தொலைக்காட்சிகள் இதை விடுவதில்லை.

மாஸ் ஹிஸ்டீரியா, அதாவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கூட்டுப் பதற்றம் என்ற விளக்கம் சிறுமிகளின் உடலில் நடந்ததற்குப் பொருந்தலாம். ஊருக்கு அது போதாது. வடக்கே பூர்வகுடிகளோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போர். அதில் குடும்பத்தை இழந்து வந்து வேலைக்காரிகளாக இருந்தவர்கள் குற்றம் சாட்டியவர்களில் உண்டு, மெர்சி லூயிஸ் போல. காலனியின் அரச சாசனம் 1684இல் ரத்தாகி, சட்டபூர்வ அரசே ஊசலாடியது. கிராமத்தில் பட்னம் குடும்பத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் நிலத் தகராறு; போதகர் பாரிஸுக்குச் சம்பளமும் விறகும் தரமாட்டோம் என்று ஒரு பிரிவு. சாட்சியங்களில் பல தாமஸ் பட்னத்தின் கையெழுத்தில் இருக்கின்றன. இத்தனை பயமும் பகையும் வேறு ஊர்களிலும் இருந்தன. சேலத்தில் அவற்றுக்கு நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது.

எப்படி நின்றது?

மேலே எட்டியதும் நின்றது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸின் மனைவி பெயரே அடிபட்டது. அக்டோபரில் காட்டன் மேதரின் தந்தை இன்க்ரீஸ் மேதர், ஒரு குற்றமற்றவர் சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்புவது மேல் என்று எழுதினார். அந்த மாதக் கடைசியில் ஃபிப்ஸ் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் ஆவியுருவச் சாட்சியத்தை ஒதுக்கியது. பெரும்பாலோர் விடுதலை, மிச்ச மூவருக்கு விதித்த தண்டனையையும் ஃபிப்ஸ் நிறுத்தினார். அதே ஜூரி முறை, அதே நாடு, அதே ஸ்டௌட்டன் தலைமை. ஒரு விதி மாறியதும் கொலை நின்றது.

யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

1697 ஜனவரி 14 அன்று நீதிபதி சாமுவேல் சீவல் பாஸ்டன் ஆலயத்தில் எழுந்து நிற்க, அவர் எழுதிய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். ஜூரிகள் 12 பேரும் எழுத்தில் கேட்டார்கள். ஆன் பட்னம் 1706இல் கேட்டாள். ஸ்டௌட்டன் கடைசிவரை கேட்கவில்லை. 1711இல் குடும்பங்களுக்கு 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு; அதில் ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்டு. குற்றப் பழி நீக்கப்பட்டவர்களின் பட்டியலில் எலிசபெத் ஜான்சன் என்ற ஒரு பெண்ணின் பெயர் மட்டும் விடுபட்டே கிடந்தது; பள்ளி மாணவர்களின் முயற்சியால் 2022இல்தான் அவர் மேலிருந்த பழி நீங்கியது.

கம்யூனிஸ்ட் வேட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1950களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கலைஞர்களை அழைத்து, கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்கு வந்தவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னது. சொன்னால் வேலை; சொல்லாவிட்டால் கருப்புப் பட்டியல். மில்லரின் நண்பர், இயக்குநர் எலியா கசான், 1952இல் பெயர்களைச் சொன்னார். அதே ஆண்டு மில்லர் சேலம் போய் ஆவணங்களைப் படித்தார். 1956இல் அவரையே அழைத்தார்கள். தன்னைப் பற்றிப் பேசினார், பிறர் பெயரைச் சொல்லவில்லை. 1957இல் அவமதிப்புக் குற்றம். 1958இல் மேல்முறையீட்டில் ரத்து. ப்ராக்டர் படத்தில் ‘என்னைப் பற்றிச் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றி மாட்டேன்’ என்று நிற்கும் காட்சியை மில்லர் எழுதியது தன் முறை வருவதற்கு மூன்று ஆண்டு முன்னால்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் எச்சரிக்கையோடு என்று சான்றிதழ். காட்டு நடனத்தில் சிறிது நிர்வாணம், கோழி ரத்தம், தூக்குக் காட்சிகள் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். பார்த்த பிறகு அபிகெயிலின் உண்மை வயதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த இடங்களை இன்று பார்க்க முடியுமா?

டேன்வர்ஸில் பாரிஸ் வீட்டின் அடித்தளக் கற்களும் ரெபேக்கா நர்ஸின் வீடும் இருக்கின்றன. தூக்கிலிட்ட இடம் பல காலம் தவறாகவே காட்டப்பட்டது. ப்ராக்டர்ஸ் லெட்ஜ் என்ற பாறைச் சரிவுதான் அது என்று 2016இல் உறுதியாகி, அடுத்த ஆண்டு நினைவிடம் திறந்தார்கள். வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. தேடித்தான் போக வேண்டும். சேலம் நகரில் 1992இல் அமைத்த நினைவிடத்தில் இறந்த 20 பேருக்கும் சுவரிலிருந்து நீளும் கல் இருக்கைகள். நுழையும்போது காலடியைப் பாருங்கள்: ‘நான் குற்றமற்றவள்’ என்று அவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன சொற்கள் தரைக்கல்லில் செதுக்கியிருக்கின்றன. வரிகள் சுவருக்கு அடியில் போய் மறைகின்றன. பாதியில் அறுபட்டே நிற்கின்றன.